பொருள்: வலது பக்கமே இழுக்கிற ரிமோட் படகு (ட்ரிம் திருகச் சொல்லி நாலாவது முறை பதில் வேண்டாம்)

வணக்கம்.

ஏப்ரலில் உங்கள் தளத்தில் 6,490 ரூபாய் கட்டி வாங்கிய படகு பற்றி இதுவரை மூன்று மெயில் போட்டுவிட்டேன், மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது, "ஸ்டீயரிங் ட்ரிம்மைச் சரிசெய்யவும்", அதாவது ஸ்டீயரிங்கின் நடு நிலையை இடம் வலம் கொஞ்சம் நகர்த்துகிற ரிமோட் குமிழைத் திருகச் சொல்லி. ஆர்டர் எண் பழைய மெயில்களிலேயே இருக்கிறது. இந்த முறை தயவுசெய்து படகைக் கையால் தொட்ட யாராவது இதைப் படியுங்கள்.

பிரச்சினை இதுதான். ஸ்டீயரிங்கைத் தொடாமல் விட்டால் படகு நேராகப் போகாமல் வலது பக்கம் வளைந்துகொண்டே போகிறது, வேகத்தைக் கூட்டக் கூட்ட வளைவும் கூடுகிறது. ட்ரிம்மை இடது கடைசி வரை திருகினால் ஏதோ நேராகப் போகிற மாதிரி இருக்கும். ஆனால் அப்புறம் இடது பக்கம் திருப்ப சர்வோவுக்கு, அதாவது சுக்கானைத் திருப்புகிற குட்டி மோட்டாருக்கு, இடமே மிச்சமில்லை. வலது பக்கம் என்றால் இரண்டு பாய் அகலத்தில் திரும்புகிற படகு, இடது பக்கம் திரும்ப எங்கள் குட்டை முழுவதையும் கேட்கிறது. அக்கா மகளுக்கு லீவு பரிசாக வாங்கியது, அவள் இப்போது வலது பக்கம் மட்டுமே திருப்பிப் பழகிவிட்டாள்.

"ஒற்றை புரொப்பெல்லர் படகு ஒரு பக்கம் இழுப்பது இயல்பு" என்று உங்கள் இரண்டாவது பதிலில் இருந்தது. இயல்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம்? இந்தப் படகின் புரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றுகிற திசையில் சுற்றுகிறது. அப்படிச் சுற்றினால் படகின் பின்பக்கம் வலதுக்குத் தள்ளப்பட்டு மூக்கு இடது பக்கம் போகத்தான் பார்க்கும். என் படகு போவது வலது பக்கம்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அவரிடம் காட்டினேன். "எஞ்சினை நிறுத்திட்டு கையால ஒரு தள்ளு தள்ளிப் பாரு தம்பி, அப்பவும் வளைஞ்சா சுக்கான்தான்" என்றார். மோட்டாரை ஓட விடாமல், ட்ரிம்மை நடுவில் வைத்துத் தள்ளினோம், நாலு தடவை தள்ளியும் நாலு தடவையும் வலது பக்கம்தான் போனது. ஆக, புரொப்பெல்லர் மேல் பழி போட முடியாது.

வீட்டுக்கு வந்து மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், ரிமோட்டைப் போட்டு, ட்ரிம் நடுவில். சர்வோவின் கை நேராக நிற்கிறது, ஆனால் சுக்கான் வலதுக்குச் சாய்ந்து நிற்கிறது. பாகைமானி வைத்து அளந்தேன், 8 டிகிரி. காரணம், சர்வோவையும் சுக்கானையும் இணைக்கிற கம்பி. இரண்டு முனையும் மடித்து மாட்டிய கம்பி அது, திருகி நீட்டவோ குறைக்கவோ வழியே இல்லை. வெட்டிய அளவே தப்பு. சரி, சர்வோ கையை ஒரு பல் தள்ளி மாட்டலாம் என்று பார்த்தேன், சர்வோ அச்சில் 25 பல், ஒரு பல் தள்ளினால் 14 டிகிரிக்கு மேல் நகர்ந்துவிடும். மாட்டியதும் சுக்கான் இடது பக்கம் 6 டிகிரி சாய்ந்து நின்றது! அப்படியும் ஆகவில்லை, இப்படியும் ஆகவில்லை, பழையபடியே மாட்டிவிட்டேன்.

கம்பியின் நடுவில் குறடு வைத்து ஒரு வளைவு போட்டு நீளத்தைச் சரிக்கட்டலாம், எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே எதையாவது வளைத்தாலோ வெட்டினாலோ வாரன்டி கிடையாது என்று பெட்டியோடு வந்த அட்டையில் நீங்களே அச்சடித்திருக்கிறீர்களே, நான் என்ன செய்வது?

மூன்றாவது பதில்தான் எனக்கு நிஜமாகக் கோபம் வரவைத்தது. ட்ரிம் பற்றிச் சொல்லிவிட்டு, "உங்கள் முகவரி கடலூர் என்பதால் உப்புநீரில் ஓட்டியிருக்கலாம், உப்புநீர்ச் சேதத்துக்கு வாரன்டி இல்லை" என்று கடைசியில் ஒரு வரி. கடலூர்க்காரன் என்றால் வாசலில் அலை அடிக்குமா? கூடலூர் என்று ஆறுகள் கூடுகிற இடத்துக்கு வந்த பேர்தான் கடலூர் ஆனது என்பார்கள், அது கிடக்கட்டும். சில்வர் பீச்சில் அந்த அலையில் இந்தப் படகை விட்டால் இரண்டு நிமிடம் தாங்காது, அது எனக்குத் தெரியாதா? ஓட்டியது மழைத்தண்ணீர் குட்டையில். ஒரு ஸ்க்ரூவில்கூடத் துரு இல்லை. துரு பிடித்தால் கம்பி குட்டையாகிவிடுமா என்ன, அதையும் சொல்லுங்கள்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு முனையில் மரை போட்டு நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு கம்பி அனுப்புங்கள். இல்லையா, நானே கம்பியை வளைத்துக்கொள்ளலாம், வாரன்டி அப்படியே இருக்கும் என்று எழுத்தில் கொடுங்கள். இரண்டும் முடியாதென்றால் படகை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், கூரியர் செலவும் உங்களுடையது.

2020ஆம் ஆண்டு மின்னணு வணிக விதிகள்படி புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்த்துவைக்க வேண்டும். என் முதல் மெயில் போய் ஏழு வாரம் ஆகிறது. இன்னும் 10 நாள் பார்ப்பேன், பிறகு 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் போடுவேன், அதிலும் ஆகவில்லை என்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை.

பாகைமானி வைத்து எடுத்த மூன்று படமும், கையால் தள்ளியபோது எடுத்த வீடியோவும் இத்துடன் இருக்கின்றன. திறந்து பார்த்துவிட்டுப் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்