திரும்பி வந்தவரைத் தேடுவது: அண்ணன் மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கொள்ளுத்தாத்தா இரண்டாம் உலகப்போரில் எங்கே போரிட்டார் என்று கேட்டிருந்தாய். பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பதிவுகளில் அவர் பெயர் இல்லையே என்றும் வருந்தியிருந்தாய். இதே கேள்வியோடு வேறு வீடுகளிலும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

அந்தப் பதிவில் அவர் பெயர் இருக்க வழியில்லை. அது 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை உயிர்நீத்த படையினருக்கானது. ரங்கூனுக்கு அருகே தாவுக்யானில் உள்ள நினைவகத்தில் மட்டும், கல்லறை எதுவென்று அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. போர் முடியும்போது இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். மாண்டவர்கள் ஏறத்தாழ 87,000 பேர். மாண்டவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. பிழைத்து வந்து நமக்கு மூதாதையானவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பெயரைக் கொண்டு தேடாதே, ஒவ்வொரு சிப்பாய்க்கும் தரப்பட்ட படை எண்ணைக் கொண்டு தேடு. ஒரே பெயரில் பலர் இருந்தார்கள். எழுத்தர்களும் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். அந்த எண் இருக்கக்கூடிய இடம், படையிலிருந்து விலகியபோது கொடுத்த விடுவிப்புச் சான்றிதழ். பட்டா, பத்திரங்களோடு அது மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். கிடைத்தால், சேர்ந்த நாள், பிரிவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, விடுவிப்புக்கான காரணத்தை நிதானமாகப் படி. என்னைக் கேட்டால், முழுத் தாளிலும் அதிகம் பேசும் வரி அதுதான். போர் முடிந்து ஆட்குறைப்பில் அனுப்பப்பட்டவரா, உடல் தகுதியிழந்து வந்தவரா என்பது அதில் தெரியும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் சரணடைந்த படையில் இருந்து, பின்னர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவராக இருந்தால், போருக்குப் பின் ஆங்கிலேயர் அவரை விசாரித்து, தங்களுக்கு எவ்வளவு விசுவாசமானவர் என்று பார்த்து வெள்ளை, சாம்பல், கறுப்பு எனத் தரம் பிரித்த கதையும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கக்கூடும்.

ஓய்வூதியம் வாங்காதவர் பட்டாளத்திலேயே இருந்திருக்க மாட்டார் என்று உறவினர் சிலர் சொல்வதைப் பொருட்படுத்தாதே. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்கப் பொதுவாக 15 ஆண்டுப் பணி வேண்டும். போருக்காகச் சேர்ந்து, போர் முடிந்ததும் அனுப்பப்பட்டவர்களுக்கு அது வாய்க்கவில்லை. இதனால் நமக்கும் ஓர் இழப்பு உண்டு. ஓய்வூதியம் பெறாதவரின் பணி ஆவணங்களை, விடுவிப்புக்கு 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. ‘லாங் ரோல்’ எனப்படும் படையினரின் பெயர்ப் பேரேடு மட்டும் நிலைத்திருக்கும். ஆகவே, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியிலுள்ள வெலிங்டனுக்கும், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும், அங்குள்ள ஆவண அலுவலகத்திற்கு எழுது. ஆனால் ஒரு வாழ்க்கை வரலாற்றை எதிர்பார்க்காதே. ஒரு வரி வந்தாலும் அது உறுதியான வரி. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்டுப் பார். உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்குமான உதவித்தொகைக்கு யாராவது விண்ணப்பித்திருந்தால், படை எண் அந்தத் தாளில் இருக்கும்.

பதக்கம் இருந்தால் அதன் நாடாவின் நிறத்தைப் பார். நடுவில் அகலமான சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்தின் நடுவே ஆரஞ்சுக் கோடு என்றால் அது பர்மா ஸ்டார். அதை வைத்து அவர் பர்மாவில் போரிட்டார் என்று எழுதிவிடாதே. 1942, 1943ஆம் ஆண்டுகளில் வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் பணியாற்றிய படையினருக்கும் அது வழங்கப்பட்டது.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. தென்கிழக்காசியப் போர்முனைக்கு டபிள்யூ.ஓ. 172, மத்தியக் கிழக்கிற்கு டபிள்யூ.ஓ. 169 என்னும் வரிசைகள். அதிகாரிகளின் பெயர்கள் அவற்றில் வரும். சிப்பாயின் பெயர் அரிதாகவே வரும். பிரிவு நாகாலாந்தின் கோஹிமா போர்க்களத்தில் இருந்ததால் தாத்தாவும் அங்கே துப்பாக்கி ஏந்தி நின்றார் என்று ஆகிவிடாது. அவர் மருத்துவமனையில் இருந்திருக்கலாம், விடுப்பில் வந்திருக்கலாம். சமைத்தவர்களும் வண்டி ஓட்டியவர்களும் பாலம் கட்டியவர்களும் இல்லாமல் அந்தப் படை ஓர் அடிகூட நகர்ந்திருக்காது என்பதால், அவர் சமையற்காரராக இருந்தார் என்று தெரியவந்தால் அதை அப்படியே எழுது. குடும்ப வரலாறு எழுதுவோர் பலர் இந்த இடத்தில்தான் வீரக்கதைக்குள் நழுவிவிடுகிறார்கள்.

பெரியவர்களிடம் பேசும்போது, எங்கே போரிட்டார் என்று கேட்காதே. கேள்விப்பட்ட போர்க்களத்தின் பெயரையே சொல்வார்கள். கப்பலில் போனாரா, ரயிலிலா, எந்த மொழியின் சொற்களைக் கற்று வந்தார், கடிதம் யார் கையெழுத்தில் வந்தது என்று கேள். சான்றிதழ் கிடைத்தால் இருபுறமும் படமெடுத்து அனுப்பு. தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்துவிடாதே. படை எண் தெரிந்ததும் ஆவண அலுவலகத்துக்கான விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன்; உறவுமுறைச் சான்று கேட்பார்கள், அதற்கு உன் அப்பாவிடம் இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
சித்தப்பா