மாப்ளே, அடுத்த மாசம் என்று சொல்லாதே

மாப்ளே,

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது உழவர் சந்தையில் நின்றிருந்தேன், இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. திருப்பிக் கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போனில் நான் என்ன சொன்னாலும் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய், எழுதினால் இன்னொரு தடவையாவது படிப்பாய். இந்த 2025 புரட்டாசியில், அமெரிக்கா போட்ட வரியால் திருப்பூரில் உன்னை மாதிரி சம்பளம் பாதியாகி நிற்கிற பையன்கள் ரொம்பப் பேர், அதனால் நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். உன் பேரைப் போடவில்லை, பயப்படாதே.

சம்பளம் பாதியானதைவிட, நீ கடைசியில் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. "அடுத்த மாசம் அமெரிக்காவோட வர்த்தக டீல் கையெழுத்தாயிரும் மாமா, ஓனரே சொன்னார், அதுவரைக்கும் ஓட்டிட்டாப் போதும்" என்றாய். இதே வார்த்தையை நானும் ஒன்பது மாசம் சொல்லிக்கொண்டிருந்தவன்.

2011 ஜனவரி 28. உனக்குப் பத்தாவது பரீட்சை நெருங்கிய நேரம், ஞாபகம் இருக்காது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. கழிவை நொய்யலில் விடக்கூடாது என்று முன்னாலேயே சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, விவசாயிகளும் வழக்கை விடவில்லை. தீர்ப்பை நான் குறை சொல்லமாட்டேன், ஒரத்துப்பாளையம் அணையில் நின்ற சாயக்கழிவுத் தண்ணீரைப் பார்த்தவன் எவனும் சொல்லமாட்டான். ஆனால் நான் அப்போது வீரபாண்டிப் பக்கம் ஒரு பட்டறையில் ஷிப்ட் சூப்பர்வைசர். கரண்டைப் பிடுங்கிய அன்று மிஷினுக்குள் பாதிச் சாயம் ஏறிய துணி அப்படியே கிடந்தது, வெளியே எடுத்துப் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை, எப்படியும் நாலு நாளில் ஓட்டத்தானே போகிறோம் என்று.

அதற்கப்புறம் எல்லாமே வாய்தா கணக்குதான். அடுத்த வாய்தாவில் திறந்துடும், எலக்‌ஷன் முடிந்தால் திறந்துடும், புது ஆட்சி வந்தால் திறந்துடும். நான் மட்டும் இல்லை, டீக்கடை பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் வக்கீல் மாதிரி பேசினோம். மார்ச்சில் எனக்குத் தெரிந்த டையிங் மாஸ்டர் ஒருவர் அகமதாபாத்திலிருந்து கூப்பிட்டார், தங்க ரூம், மாசம் பதினெட்டாயிரம், உடனே வா என்றார். நான் போகவில்லை. போன மறுநாளே இங்கே திறந்துவிட்டால் என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களே என்று பயம். இதற்கிடையில் வண்டி டியூ கட்டினேன், எடுத்து முடித்த சீட்டுக்குக் கட்டினேன், அத்தையின் ஆறு பவுனை மூன்று தவணையாகக் கொண்டுபோய் வைத்தேன், அதுவும் பேங்க்கில் இல்லை, நூற்றுக்கு மூன்று வட்டிக்கு. வருஷத்துக்கு 36 சதவீதம். அதை ஒரு நாள்கூட வருஷக் கணக்காக நினைத்துப் பார்க்கவில்லை, ஒரு மாசம்தானே என்று மாசக் கணக்காகவே பார்த்தேன்.

ஆகஸ்ட்டில் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது பார்க்கிறேன், நகம் வெள்ளையாக இருக்கிறது. நேவி புளூவும் கறுப்பும் நகக்கண்ணில் ஏறி, எலுமிச்சை தேய்த்தாலும் போகாது என்று அத்தை திட்டிக்கொண்டே இருப்பாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகச் சுத்தமாக இருந்தது. வேலை போய்விட்டது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது, ஏழு மாசம் கழித்து. நவம்பரில் அகமதாபாத் போனேன், அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டது, பதிமூன்றாயிரத்துக்கு வேறு இடத்தில் சேர்ந்தேன். பட்டறைகள் பிற்பாடு திறந்தன, பகுதி பகுதியாக. நகை திரும்பவில்லை, ஏலத்தில் போனது. நான் வைக்க ஆரம்பித்தபோது பவுன் பதினைந்தாயிரத்துச் சொச்சம், 2025 அக்டோபரில் 90,000. அந்தப் பெருக்கலை நான் போடுவதில்லை, அத்தை போட்டு வைத்திருக்கிறாள்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் 7-இல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீதம் வரி போட்டது, ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 27-இல் இன்னொரு 25. காட்டன் டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே இருந்த 16.5-ஐயும் சேர்த்தால் அப்போது 66-ஐத் தாண்டியது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது கூடுதல் வரி 20 தான் இருந்தது. பீஸுக்குப் பத்து ரூபாய், பதினைந்து ரூபாய் லாபம் பார்க்கிற ஊர் இந்த வித்தியாசத்தை எங்கே போய்த் தாங்கும், நீயே அடக்கவிலை போடுகிற காஸ்டிங் ஷீட் பார்த்தவன். டீல் நாளைக்கே கையெழுத்தாகலாம், நான் ஜோசியக்காரன் இல்லை. ஆனாலும் டாக்கா பக்கம் போன பையர் மறுநாளே திரும்பி வரமாட்டான், புது ஆர்டர் வந்து, சாம்பிள் ஓகே ஆகி, நூல் வாங்கி, ஷிப்மென்ட் போய்ப் பணம் வர எத்தனை மாசம் ஆகும் என்று எனக்கு நீதான் சொல்லித் தந்தாய். ஆகவே ஒரு வருஷத்துக்கு இதே பாதிச் சம்பளம் 18,000 தான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு. அதற்கு முன்னால் சரியானால் சந்தோஷம்.

முதலில் வீட்டில் சொல். மாசக் கடைசியில் சம்பளம் லேட் என்று சொல்லி வைத்திருக்கிறாய், எனக்குத் தெரியும், அக்கா சொன்னாள். உன் வீட்டுக்காரியை உட்காரவைத்துக் காகிதத்தில் எழுதிக் காட்டு. வாடகை 8,500, வண்டி டியூ 4,200, சீட்டு 5,000, கார்டுக்கு 3,100, இதுவே இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது, பால் அரிசிக்கு நீ இன்னும் வரவே இல்லை. அவள் உன்னைவிடக் கெட்டிக்காரி, எதை நிறுத்தலாம் என்று உனக்கு முன்னால் சொல்லுவாள்.

அந்த கிரெடிட் கார்டு விஷயம்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 62,000 பாக்கி, மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறாய். மாசம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி மட்டும் 2,170, அதற்கு மேல் ஜிஎஸ்டி. நீ கட்டுகிற 3,100-இல் அசலுக்குப் போவது ஐந்நூற்றுச் சொச்சம். நான் வைத்த நூற்றுக்கு மூன்றைவிட இது மோசம் மாப்ளே, ஏசி ஆபீஸில் உட்கார்ந்து வாங்குவதால் கந்து வட்டி என்று யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். இதை எப்படி அடைப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

சீட்டை நீ இன்னும் எடுக்கவில்லை என்றாய். இந்த நேரத்தில் அவசரப்பட்டு அதிகத் தள்ளுக்கு, அதாவது தொகையில் நிறைய விட்டுக்கொடுத்து, எடுக்காதே, முடிந்தவரை கட்டு, முடியவில்லை என்றால் நடத்துகிறவரிடம் இப்போதே போய்ப் பேசு, இரண்டு தவணை நின்ற பிறகு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். பிஎஃப் பணத்தில் கை வைக்காதே. 8.25 சதவீதம் வட்டி வருகிறது, ஐந்து வருஷம் முடியாமல் எடுத்தால் வரியும் உண்டு. ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கலாம், ஆளுக்கு இரண்டு லட்சம் போடலாம் என்று உன் சிநேகிதன் சொன்னானே, அதற்கு என் பதில், வேண்டாம், அவ்வளவுதான், விளக்கமே தேவையில்லை.

வேலையைப் பற்றி. ஓனர் நல்லவர்தான், கஷ்டத்தில் இருக்கிறார், இருந்தாலும் யாராவது ஒரு பேப்பரை நீட்டி "நீங்களா ரிசைன் பண்ற மாதிரி எழுதிக் குடுங்க" என்றால் உடனே எழுதிக் கொடுத்துவிடாதே. நீ சேர்ந்தது 2020 டிசம்பர். இன்னும் இரண்டு மாசத்தில் ஐந்து வருஷம் முடிகிறது, கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. முழுச் சம்பளத்தில் உன் பேசிக் 18,000 என்றால் அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அப்புறம் ஐந்தால் பெருக்கு, ஏறத்தாழ 52,000 வரும். ஒரு கையெழுத்துக்காக அதைப் பற்றி வழக்காடும் நிலைமையை நீயாக உண்டாக்கிக்கொள்ளாதே. டிசம்பர் வரை அங்கே ஒட்டிக்கொண்டிரு, ஆனால் தேடுவதை இந்த வாரமே ஆரம்பி. ஜூலை வரைக்குமான முழுச் சம்பள ஸ்லிப்புகளை இப்போதே வாங்கி வைத்துக்கொள். புதுக் கம்பெனிக்காரன் கடைசி மூன்று மாச ஸ்லிப்தான் கேட்பான், அதில் மூன்றும் பாதிச் சம்பளமாக இருந்தால் அதிலிருந்துதான் பேரம் ஆரம்பிக்கும். சம்பளக் குறைப்பு வரியால் வந்தது என்று ஒரு கடிதமும் கேட்டுப் பார்.

ஐரோப்பா ஆர்டர் மட்டும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், உள்நாட்டு பிராண்டுகளுக்குத் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள், பிரிட்டனோடு 2025 ஜூலையில் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தை நம்பி அந்தப் பக்கம் ஆள் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கேயெல்லாம் போய் "ஆர்டர் ஃபாலோஅப் பார்ப்பேன்" என்று மட்டும் சொன்னால் உனக்கு முன்னால் நூறு பேர் நிற்பார்கள். வாரத்தில் மூன்று நாள் சும்மா இருக்கிறாயே, உங்கள் காஸ்டிங் பார்க்கிறவரிடம் போய் உட்கார், அவரும் இப்போது சும்மாதான் இருப்பார். பாலியஸ்டர் துணியில் சுருக்கம் எவ்வளவு, சாயம் எப்படி ஏறும், கிலோவுக்கு என்ன ரேட் என்று தெரிந்துகொள், காட்டனை மட்டுமே தெரிந்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். பாலியஸ்டர் சாயத்துக்கு என்னிடம் வா, அகமதாபாத் எனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.

கார்டுக்கு வருகிறேன். உன் கல்யாணத்தில் தாய்மாமன் சீராக நான் போட்ட மோதிரம் ஒரு பவுன். அதை விற்றுவிடு, அடகு வைக்காதே. கழிவு போக எண்பதாயிரத்துக்குக் குறையாமல் வரும், கார்டை முழுசாக அடைத்துவிட்டு மீதியை வாடகைக்கு வை. மாமா என்ன நினைப்பார் என்று நீ கேட்கமாட்டாய் என்பதால்தான் நானாகச் சொல்கிறேன். பில் என் பீரோவில் இருக்கிறது, சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒரே கடையில் கொடுத்துவிடாதே, மூன்று கடையில் கேட்கலாம், தராசைப் பார்க்க நானும் கூட வருகிறேன். ராத்திரி நம் வீட்டில் சாப்பாடு, புரட்டாசி என்பதால் கறி கிடையாது என்று அத்தை முன்னாலேயே சொல்லச் சொன்னாள்.

மாமா