பச்சைக் கயிறு

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பால்கனியில் நின்றுகொண்டு, "அக்கா, இந்தக் கயிற்றைக் கழற்றிப் போடேன், அசிங்கமா தொங்குது, எது வேணும்னாலும் போன்லயே வரவழைச்சுக்கலாம்" என்றாய். நான் சிரித்துவிட்டு டீ போடப் போய்விட்டேன். ஆனால் அந்தப் பேச்சு நாலு நாளாக மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

பர்மாவில் இருக்கும் நம் யாங்கோனை, அதான் பழைய ரங்கூனை, பார்க்காதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துப் பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும், எட்டிப் பார்ப்போம். கரண்ட் பில், மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) பொட்டலம், வீட்டுச் சாவி எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும்.

1987 உனக்கு நினைவிருக்காது, அப்போது உனக்கு நாலு வயது. செப்டம்பர் 5-ம் தேதி, சனிக்கிழமை. 25, 35, 75 கியாட் நோட்டுகள் இனிமேல் செல்லாது, மாற்றியும் தரமாட்டோம் என்று அரசாங்கம் அறிவித்தது. அப்பா கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் முழுக்க 75 கியாட் நோட்டு. தலையணை உறைக்குள் இருந்ததை எடுத்துத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு சும்மா பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாலைந்து நாள் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில் மணி அடித்தது. எட்டிப் பார்த்தால் கீழே யாருமில்லை, ஆனால் கயிறு கனத்தது. இழுத்தால் ஒரு துணிப்பை, உள்ளே ரெண்டு படி அரிசி. கட்டியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியாததால் அம்மா அதற்கப்புறம் தெருவில் எல்லோரிடமும் கடன்பட்டவள் மாதிரியே நடந்துகொண்டாள், கீழ்வீட்டுச் சண்டைக்காரி உட்பட.

உடனே 'அந்தக் காலத்துல எல்லாம் பாசம்' என்று நான் ஆரம்பிக்கப் போவதாக நினைக்காதே. இந்த ஊருக்கு நம் ஆட்கள் வந்ததே காசுக்குத்தான். மொகல் தெருவில் செட்டியார்கள் மாதாமாதம் நடப்பு வட்டியை முடிவு செய்ததே கோயிலில் கூடித்தான், சாமி சாட்சியாக. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் அவர்கள் கையில் இருந்த நிலம் ஏறக்குறைய 6 சதவீதம், நெல் விலை விழுந்து கடன் அடைக்க முடியாமல் போனதில் 1938-க்குள் அது கால்வாசி ஆயிற்று. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிகளின் கோபத்தின் பலனை அனுபவித்தது வட்டி வாங்கியவர்கள் மட்டுமா, மூட்டை தூக்கியவர்களும்தான். அப்புறம் இந்தக் கயிறே ஒன்றும் புனிதமில்லை. எனக்கு வந்த ஒரு கடிதத்தைக் கீழ்வீட்டு அம்மா கிளிப்பிலிருந்து எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப மாட்டினாள், அதனால் எனக்கு விழுந்த அடி உனக்குத் தெரியாது. யார் கண்ணிலும் படாமல் இருக்க ஒரு வீடு வேண்டும் என்று நீ ஆசைப்பட்டது எனக்குப் புரிகிறது. நானும் அப்போது ஆசைப்பட்டேன்.

ஆனால் உன் கான்டோவுக்கு, அந்தப் புது அடுக்குமாடி வீட்டுக்கு, வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். விநாயகர் சதுர்த்தி, டப்பா நிறையச் சுண்டல். கேட்டில் காவலாளி பெயர் எழுதி, உனக்குப் போன் போட்டு, நீ எடுக்கிறவரைக்கும் கால்மணி நேரம் நின்றேன். சரி, அது அவன் வேலை. மேலே வந்து எதிர்வீட்டுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று கிண்ணத்தில் எடுத்தேன். "வேண்டாம்க்கா, அங்க யார் இருக்காங்கன்னே தெரியாது, தப்பா நினைப்பாங்க" என்றாய். மூன்று வருஷமாக அந்தக் கதவு உன் கதவுக்கு எட்டடி தூரத்தில் இருக்கிறது. சுண்டலை மறுபடி டப்பாவில் போட்டு மூடினேன்.

2014-ல் 1,500 கியாட்டுக்கு சிம் கார்டு வந்தபோது இந்தத் தெருவில் நாம் ஆடிய ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? அதுவரை அது பணக்காரர்கள் சமாச்சாரம். இன்றைக்கு நானும்தான் போனில் பணம் அனுப்புகிறேன், சாப்பாடு வரவழைக்கிறேன். கொண்டுவரும் பையன் பொட்டலத்தைக் கொடுத்த நொடியே ஓடுகிறான், பாவம், அடுத்த வீடு காத்திருக்கிறது. அவனுக்கும் எனக்கும் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அம்மாவுக்கு அந்த ரெண்டு படி அரிசிக் கணக்கு சாகிறவரை தீரவில்லை. ஜங்ஷன் சிட்டி மாலில் ஏசி காற்றில் நீ பிள்ளைகளோடு சுற்றுவதை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் அங்கே பிடிக்கும். ஆனால் அங்கே எத்தனை மணி நேரம் சுற்றினாலும் யாருக்கும் கடன்படாமல் வீடு திரும்பிவிடலாம், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கயிற்றைக் கழற்ற மாட்டேன். அடுத்த வாரம் வரும்போது கீழே நின்று போன் போடாதே, கரண்ட் போனால் சார்ஜும் இருக்காது. சின்னவனை இழுக்கச் சொல், ரெண்டு தரம். பச்சைக் கயிறுதான் நம்முடையது. நீலம் மூன்றாம் மாடி, அவர்கள் மத்தியானம் தூங்குவார்கள்.

அன்புடன்,
அக்கா