உன் கராஜில் இருக்கும் கேன்

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது. இரும்பைக் காய்ச்சிக் கத்தி அடிக்கப் பழகுகிறாய் என்றதும் உன் அம்மாதான் முகம் சுளித்தாள், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கராஜில் 10 லிட்டர் திரவ நைட்ரஜன் வாங்கி வைத்திருக்கிறேன் என்றாயே, அதைக் கேட்டபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. உனக்கு இரும்பு தெரியும். எனக்கு அந்தக் கேன் தெரியும். 29 வருஷம் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டவன் நான். உறைவிந்து குச்சிகளை அந்தக் குளிருக்குள்தான் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனேன்.

நம் ஊர் ஆசாரி அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் துவைச்சல் போடுவதோடு சரி. உன் துருப்பிடிக்காத இரும்பு அப்படியில்லை என்று நீ விளக்கியது புரிந்தது. ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சி, அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அழுத்திக் குளிர்த்தாலும் உள்ளே கொஞ்சம் கடினமாகாமல் தங்கிவிடுகிறது, அதை மாற்றத்தான் மைனஸ் 196 டிகிரி வரை கொண்டுபோகிறாய். சரி. வேலைக்கு அது தேவை என்றால் வைத்துக்கொள். வைத்துக்கொள்ளும் விதத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

எல்லோரும் குளிருக்குத்தான் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது காற்றுக்கு. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. உன் கராஜ் ஒரு கார் நிற்கும் அளவு என்றாய். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். சுமார் 43 கன மீட்டர். கேன் சாய்ந்து 10 லிட்டரும் கொட்டினால் அதில் 7 கன மீட்டரை நைட்ரஜன் பிடித்துக்கொள்ளும். 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் சுமார் 17.6-க்கு இறங்கிவிடும். 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து என்பது உங்கள் அமெரிக்காக் கணக்கு. அதுவும் இது சராசரிதான். குளிர்ந்த வாயு கனமானது, தரையோடு தேங்கும். குனிந்து கத்தியை எடுக்கிறவளுக்கு இன்னும் குறைவாகத்தான் கிடைக்கும்.

மூச்சு முட்டுமே, தெரிந்துவிடுமே என்று நினைக்காதே. மூச்சு முட்டுகிற உணர்வு, வெளியே போகாமல் தங்கும் கரியமில வாயுவால் வருவது. நைட்ரஜனை இழுத்தால் அந்த உணர்வே வராது. வாசனையும் கிடையாது. ஒரு ஐப்பசி மழையில், அப்போதுதான் நிரப்பிய இரண்டு 35 லிட்டர் கேன்களோடு ஜீப்பில் வந்தேன். சாரலுக்குப் பயந்து கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டோம். எனக்குக் கொட்டாவி கொட்டாவியாக வந்தது, பகலெல்லாம் அலைந்த களைப்பு என்றுதான் நினைத்தேன். டிரைவர் டீ குடிக்க வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தார். இறங்கி நின்றால் கால் நிற்கவில்லை, தலை சுற்றியது. அவருக்கு அன்றைக்கு டீ தோன்றியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். இதை உன் அம்மாவிடம் நான் சொன்னதில்லை. நீ கேனை நிரப்பிக்கொண்டு வரும்போது காருக்குள் வைக்காதே. திறந்த பிக்கப் வண்டியின் பின்னால், சாயாமல் கட்டிக் கொண்டு வா.

உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாமே, ஜார்ஜியா மாநிலத்துக் கெயின்ஸ்வில் ஊர், அங்கே 2021 ஜனவரி 28-ல் ஒரு கோழி இறைச்சி ஆலையில் இதே நைட்ரஜன் கசிந்து 6 பேர் இறந்தார்கள். முதலில் மாட்டியவர்கள் 2 பேர். மற்ற 4 பேரும் என்ன ஆயிற்று என்று பார்க்கவும் காப்பாற்றவும் போனவர்கள். அதனால் இதை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. நீ உள்ளே விழுந்து கிடந்தால் அவர் ஓடித்தான் வருவார், அவர் சுபாவம் எனக்குத் தெரியும். வரக்கூடாது. பெரிய கதவை வெளியிலிருந்து திறக்க வேண்டும், 911-ஐ அழைக்க வேண்டும்.

ஆக்சிஜன் அளவு குறைந்தால் அலறும் மானி ஒன்று வாங்கு. நீ வேலை செய்யும்போது மூக்கு எந்த உயரத்தில் இருக்குமோ அங்கே மாட்டு. கராஜ் கதவைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கேனைத் திறக்க வேண்டும், ஜனவரிக் குளிராக இருந்தாலும் சரி. பாப்பாவை அந்தப் பக்கமே விடாதே.

கேன் மூடி லேசாக உட்கார்ந்திருப்பது சரிதான். ஆவி போக வழி வேண்டும். அதை இறுக்கி அடைக்க யோசிக்காதே, மிச்சத்தை அடுப்படி பிளாஸ்க்கில் ஊற்றித் திருகி மூடவும் வேண்டாம். வெடித்துவிடும். கேனின் வெளிச்சுவர் வியர்த்தாலோ பனி பூத்தாலோ நடுவிலிருக்கும் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். அன்றோடு அந்தக் கேனைக் கைகழுவிவிடு. எவ்வளவு மிச்சம் என்று பார்க்க நாங்கள் மரக்குச்சியை விட்டு எடுத்துப் பனி படிந்த அளவைப் பார்ப்போம். குழாயை விட்டால் அதன் வாய் வழியாக முகத்தில் பீறிடும்.

கத்தியை முழுக்க ஆறவிட்டு, ஈரம் துடைத்து, கம்பியில் கட்டி மெதுவாக இறக்கு. சூட்டோடு இறக்கினால் கொதித்து மேலே எழும். முகக்கவசம் போட்டுக்கொள். கையுறை தளர்வாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும், உள்ளே ஒரு சொட்டுப் போனாலும் உதறிக் கழற்ற வேண்டுமே. என் இடது மணிக்கட்டில் இருக்கும் தழும்பைச் சின்ன வயசில் தடவித் தடவிக் கேட்பாயே, அது இறுக்கமான கையுறைக்குள் போனதுதான். வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவிடு. பேன்ட்டை ஷூவுக்கு வெளியே விடு. வெளியே எடுத்த கத்தியை வெறுங்கையால் தொடாதே, தோல் ஒட்டிக்கொண்டு வரும். அப்படி ஏதாவது பட்டுவிட்டால் தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ.

மானி வந்து சுவரில் மாட்டியதும் எனக்கு ஒரு படம் அனுப்பு. அதுவரை கேன் வெளியே, வெயில் படாத இடத்தில், பாப்பா கைக்கு எட்டாமல் இருக்கட்டும். உள்ளே இருப்பது ஆவியாகிப் போனால் போகட்டும் கண்ணு, அதற்கான பணத்தை நான் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா