ஆளும் தரப்பின் பின்வரிசைக்கு ஒரு திறந்த மடல்

மக்களாட்சி நாடுகளின் நாடாளுமன்றங்களில் ஆளும் தரப்பில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இம்மடலை எதிர்க்கட்சிகளுக்கோ நீதிமன்றங்களுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அரசு எதேச்சதிகாரத்தை நோக்கிச் சாயும்போது அதைத் தடுத்து நிறுத்தப் போதுமான வாக்குகள் பெரும்பாலும் எதிர்வரிசையில் இருப்பதில்லை. உங்கள் வரிசையில்தான் இருக்கின்றன. எதிர்க்கட்சியினர் முழக்கமிடலாம், வெளிநடப்புச் செய்யலாம். அவைக்குறிப்பில் அது பதிவாகும், அவ்வளவுதான்.

1933 மார்ச் 23 அன்று ஜெர்மானிய நாடாளுமன்றம், சட்டம் இயற்றும் தன் அதிகாரத்தை ஹிட்லரின் அமைச்சரவையிடம் ஒப்படைத்தது. ஆதரவு 444 வாக்குகள், எதிர்ப்பு 94. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவைக்கு வர முடியாதபடி செய்யப்பட்டிருந்தனர் என்பதும், சீருடை அணிந்த கட்சிப் படையினர் அவையைச் சூழ்ந்து நின்றனர் என்பதும் உண்மையே. ஆயினும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைப் பெற்றுத் தந்ததில் நாஜிகள் அல்லாத மிதவாதக் கட்சிகளின் கைகளும் இருந்தன. நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் என்று சொல்லப்பட்ட அச்சட்டம், பின்னர் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது.

இந்தியாவின் நெருக்கடிநிலைக் காலத்தில், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தபோது கொண்டுவரப்பட்ட 39ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் நாட்குறிப்பைப் பாருங்கள். 1975 ஆகஸ்ட் 7 அன்று மக்களவை, 8 அன்று மாநிலங்களவை, 9 அன்று மாநிலச் சட்டமன்றங்கள், 10 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல். பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரவிருந்த நாளோ ஆகஸ்ட் 11. பிரதமரின் தேர்தலை நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் வைப்பதே திருத்தத்தின் நோக்கம் என்பது கைதூக்கிய எவருக்கும் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அந்தப் பிரிவை அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் செல்லாததாக்கியது வேறு விஷயம். அவை தன் கடமையைச் செய்யத் தவறியது தவறியதுதான்.

எப்போதும் இவ்வளவு வெளிப்படையாக நடப்பதுமில்லை. ஹங்கேரியில் நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62ஆகக் குறைத்தார்கள். கேட்பதற்கு நிர்வாகச் சீர்திருத்தம் போலத்தான் இருக்கும். மூத்த நீதிபதிகள் நூற்றுக்கணக்கில் ஒரே வீச்சில் வெளியேற வழிவகுத்தது அது.

கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும், அடுத்த முறை போட்டியிட வாய்ப்புக் கிடைக்காது என்பீர்கள். அந்த அச்சத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் தென்கொரியாவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் இராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, அவைத்தலைவர் உட்படப் பலர் வேலி ஏறிக் குதித்து நாடாளுமன்றத்துக்குள் சென்றனர். அதை நீக்கக் கோரி வாக்களித்த 190 பேரில் 18 பேர் அதிபரின் சொந்தக் கட்சியினர். (அவர்கள் இல்லாமலும் அன்று தீர்மானம் நிறைவேறியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அடுத்து வந்த பதவிநீக்கத் தீர்மானத்துக்கு 200 வாக்குகள் தேவை, எதிர்த்தரப்பிடம் இருந்தவை 192. டிசம்பர் 7 அன்று ஆளுங்கட்சியினரில் மிகப் பெரும்பாலோர் வாக்களிக்காமல் வெளியேறியதால் தீர்மானம் தோற்றது. ஒரு வாரம் கழித்து 204 வாக்குகளுடன் நிறைவேறியது. அந்த வேறுபாட்டை உண்டாக்கியவர்கள் உங்களைப் போன்ற பின்வரிசையினர்தாம்.

வீரச்செயல் எதையும் உங்களிடம் நான் கேட்கவில்லை. நீதிமன்றத்தின், தேர்தல் ஆணையத்தின், தணிக்கைத் துறையின் அதிகாரத்தைத் தொடும் மசோதா எதையும் அறிமுகமான நாளிலேயே நிறைவேற்ற ஒப்பாதீர்கள். அதை விரிவாக ஆராயும் உறுப்பினர் குழுவான தெரிவுக்குழுவுக்கு அனுப்பக் கோருங்கள். அதற்கும் வழியில்லையெனில், குரல் வாக்கெடுப்போடு முடித்துவிடாமல் ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கும் பெயருடன் பதிவாகும்படி கேளுங்கள். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பதை உங்கள் தொகுதி மக்கள் அறிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்