டர்போவுக்குப் போகும் நான்கு குழாய்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, முழங்கால். பானட்டுக்குள் குனிந்தால் எப்படியோ நிமிர்ந்துவிடுகிறேன். வண்டிக்கு அடியில் படுத்தால் மட்டும் எழுப்பிவிட ஆள் வேண்டும். மகள்தான் கைகொடுத்துத் தூக்குகிறாள். "இந்த வயதில் இது தேவையா அப்பா?" என்று கேட்டுக்கொண்டே டார்ச்சையும் அவளே பிடிக்கிறாள். அடுத்த மாதம் வேலைக்குச் சேரப் போகிறாள். அப்புறம் யார் டார்ச் பிடிப்பார்கள் என்பது என் இப்போதைய பெரிய கவலை. உன் பையன் ஒருவழியாகத் தேர்வு எழுதி முடித்துவிட்டான் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அவனைக் கொஞ்ச நாள் தூங்கவிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் வண்டியில் புகையின் விசையால் சுற்றி இஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கிற அந்த டர்போவின் ஆயில் லைன், சூட்டைத் தணிக்கும் கூலன்ட் லைன் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு எஃகுப் பின்னல் ஹோஸ் மாட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். நீ அனுப்பிய படத்தில் ஹோஸ் முனைகளில் மாட்டும் ஃபிட்டிங்குகள் சிவப்பும் நீலமுமாக நகைக்கடை போல மின்னுகின்றன. மூன்று வருடத்துக்கு முன்பு நானும் இதே மாதிரி ஒரு பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு பூரித்துப்போயிருந்தேன். அதனால் செய்யாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. நான்கு குழாய்க்கும் ஒரே வைத்தியம் என்று நினைத்துச் செய்யாதே, அவ்வளவுதான்.

எனக்கு இது தொடங்கியது ஒரு வாசனையில். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் லேசான இனிப்பு வாடை. கூலன்ட் மட்டம் மாதத்துக்கு ஒரு விரல் குறைந்துகொண்டிருந்தது. தேடிப் பார்த்தால் டர்போவுக்கு மேலே போகும் சின்ன ரப்பர் ஹோஸ் விறகுபோல இறுகிக் கிடந்தது. நகத்தால் அழுத்தினேன், வெடிப்பு விட்டது. பன்னிரண்டு வருடம் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரப்பரை அதற்கு மேல் குறை சொல்ல முடியாது. பெட்ரோல் வண்டியில் முழு வேகத்தில் டர்போவின் புகைச் சக்கரமான டர்பைனுக்குள் நுழையும் புகை 900 டிகிரியைத் தாண்டிவிடும். அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் அந்த ஹோஸ் ஓடுகிறது. ஒன்றை மாற்றுவானேன், நான்கையும் மாற்றிவிடுவோம் என்று இறங்கினேன். ஆயில் உள்ளே போவது (ஃபீட்), ஆயில் வெளியே வருவது (ரிட்டர்ன்), கூலன்ட் உள்ளே போவது, கூலன்ட் வெளியே வருவது என்று நான்கு.

நான் வாங்கிய ஹோஸுக்கு வெளியே எஃகுப் பின்னல் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. பத்து மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஆயில் ஃபீட் லைனின் கீழ் முனையில் ஈரம் தெரிந்தது. நட்டை இறுக்கினேன். மறுபடி ஈரம், மறுபடி இறுக்கினேன். மூன்றாவது முறை இறுக்கும்போது மகள்தான், "மேலேயும் பளபளவென்று இருக்கிறதே" என்றாள். கசிவு மேலே, டர்போவுக்குப் பக்கத்தில். ஆயில் பின்னலுக்கு உள்ளாகவே வழிந்து வந்து கீழ் முனையில் சொட்டியிருக்கிறது. சாதாரண ரப்பர் ஹோஸ் என்றால் உப்பும், வெடிக்கும், கண்ணுக்குத் தெரியும். பின்னல் அதையெல்லாம் மறைத்துவிடுகிறது. இஞ்சின் புகையைச் சேர்த்து அனுப்பும் அந்தக் கொதிக்கும் மேனிபோல்டு மேல் அந்த ஆயில் சொட்டியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். உள்ளே செயற்கை ரப்பர், டர்போ பக்கத்து நான்கு விரல் நீளத்துக்குக் கரிபோலச் சுருங்கியிருந்தது. அந்த வகை ரப்பருக்கு 150 டிகிரி சுமார்தான் எல்லை. டெஃப்லான் உள்குழாய் என்றால் 230 முதல் 260 டிகிரி வரை தாங்கும். பின்னல் அழுத்தத்துக்கு எதிராக உள்குழாயைப் பிடித்துக்கொள்ளும், வெளிக்காயம் படாமல் காக்கும். சூட்டையும் ஆயிலையும் தாங்குவது உள்குழாயின் பாடு. ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. 1938இல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதன வாயு தயாரிக்க வைத்திருந்த ஒரு வாயுவின் சிலிண்டரைத் திறந்தபோது வாயுவே வரவில்லை, ஆனால் எடை குறையவில்லை. சிலிண்டரை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளைப் பொடி, அதுதான் டெஃப்லான். அவர்கள் அறுத்தார்கள், கண்டுபிடித்தார்கள். நான் பத்து மாதம் ஓட்டிவிட்டு அறுத்தேன்.

ஆகவே மாப்ளே, உன் பெட்டியில் இருப்பது எது என்று முதலில் ஒரு முனையை வெட்டிப் பார். உள்ளே வெள்ளையாகவோ கருப்பாகவோ வழவழப்பான, விறைப்பான மெல்லிய குழாய் இருந்தால் டெஃப்லான். தடிமனாக, அழுத்தினால் அமுங்குகிற மாதிரி இருந்தால் ரப்பர். இரண்டுக்கும் ஃபிட்டிங்குகள் வேறு. டெஃப்லானுக்கு, பின்னலுக்கும் உள்குழாய்க்கும் நடுவில் ஒரு சின்னப் பித்தளை வளையம் நுழைக்க வேண்டும். ரப்பர் ஹோஸின் ஃபிட்டிங்கை டெஃப்லானில் திருகினால் உட்கார்ந்த மாதிரியே இருக்கும், அழுத்தம் ஏறியதும் நழுவும். டெஃப்லானுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. கொஞ்சம் அதிகமாக வளைத்தால் மடிந்துவிடும், ஒருமுறை மடிந்தால் அந்த இடம் தேறாது. நெருக்கமான திருப்பத்தில் ஹோஸை முறுக்காதே, வளைந்த ஃபிட்டிங் போடு.

வெட்டுவதற்கு ஹாக்ஸா வேண்டாம், பின்னல் துடைப்பம்போலப் பிரிந்துவிடும். வெட்டும் இடத்தில் டேப்பை இறுக்கமாக நாலைந்து சுற்று சுற்றி, மெல்லிய கட்டிங் வீலால் டேப்போடு சேர்த்து வெட்டு. அந்த எஃகு இழைகள் விரலில் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, எடுக்கவும் வராது. வெட்டிய தூளை உள்ளிருந்து முழுவதும் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய். டர்போவின் சக்கரங்களைத் தாங்கும் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று சுற்றுகிறது, சில சின்ன டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும். சாதாரண பேரிங்கில் அது உலோகத்தின் மேல் சுற்றவில்லை, ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. அங்கே ஒரு துளி உலோகத்தூள் போனால் போதும்.

இதே காரணத்துக்காக ஃபீட் லைனில் மரை டேப் சுற்றாதே. கூம்பு முனை உள்ள ஃபிட்டிங்கில் அடைப்பது கூம்புதான், மரை இல்லை. டேப்பின் பிசிறு ஒன்று உள்ளே போனால் ஆயில் துளையில் போய்க் குந்திக்கொள்ளும். கூம்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நீ வாங்கியிருக்கும், விமானத்துறையிலிருந்து வந்த ஏ.என். வகை ஃபிட்டிங்கில் கூம்பின் கோணம் 37 டிகிரி. சாதாரண வண்டிக் குழாய்களில் வரும் கூம்பு பெரும்பாலும் 45 டிகிரி. 4ஆம் எண்ணில் இரண்டுக்கும் மரை அச்சு அசலாக ஒன்றே, அதனால் அழகாகத் திருகிக்கொண்டு போகும், ஆனால் கசியும். (அந்த எண் வேறொன்றுமில்லை, குழாயின் வெளிவிட்டம் அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 4 என்றால் கால் அங்குலம்.) டர்போவில் இறங்கும் முனைக்கு அந்தச் சிவப்பு நீல அலுமினியம் வேண்டாம், எஃகு ஃபிட்டிங் வாங்கு. ஹோஸ் முனையைப் பிடிக்கும், நடுவே துளையுள்ள பாஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷர்கள் இரண்டையும் புதிதாகப் போடு. சில வண்டிகளில் அந்தப் போல்ட்டுக்குள்ளே மெல்லிய வலை ஒன்று இருக்கும். அதையும் கழற்றிப் பார், அடைத்திருந்தால் ஹோஸ் மாற்றி ஒரு பயனும் இல்லை.

பெரிய ஹோஸ் போட்டால் அதிக ஆயில், அதிக ஆயுள் என்று எழுதியிருந்தாய். இல்லை. ஃபீட் லைனுக்கு 4ஆம் எண் தாராளம். உன்னுடையது பால் பேரிங் டர்போ என்றால் அதற்கும் குறைவாகத்தான் வேண்டும், உள்ளே சின்னத் துளையுள்ள ஒரு தடுப்பான் போடச் சொல்வார்கள். அளவை உன் டர்போவின் கையேட்டில் பார்த்துக்கொள். சாதாரண பேரிங்குக்குத் தடுப்பான் போடாதே.

இனி ரிட்டர்ன் லைன். என்னை அழவைத்தது இதுதான். ஃபீட் லைனில் ஆயிலைப் பம்ப் தள்ளுகிறது. ரிட்டர்னில் தள்ள ஆள் இல்லை. ஷாஃப்ட் கடைந்தெடுத்த மோர்போல நுரைத்துக்கொண்டு, தன் எடையில் தானே சம்ப்புக்கு, அதாவது இஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு, இறங்க வேண்டும். நான் என்ன செய்தேன்? வெட்டிக் குறைக்க மனமில்லாமல் ஹோஸைக் கொஞ்சம் நீளமாகவே விட்டேன். அது நடுவில் தொட்டில்போலத் தொங்கியது. அடுத்த நாள் சிக்னலில் நின்றால் சைலன்சரில் நீலப் புகை. வண்டி ஓடும்போது இல்லை, நின்றால் மட்டும். டர்போ போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதற்கு விலை விசாரிக்கக்கூடத் தொடங்கிவிட்டேன்.

போகவில்லை. டர்போவுக்குள் இருக்கும் சீல், நாம் நினைக்கிற ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் மாதிரியான ஒரு வளையம்தான். கீழே ஆயில் தடையில்லாமல் இறங்கும்வரைதான் அது காவல் காக்கும். இறங்காமல் தேங்கினால் ஆயில் மேலேறி, வளையத்தைத் தாண்டி டர்பைன் பக்கம் போய் எரியும். ஹோஸை ஒரு சாண் குறைத்து, கிட்டத்தட்ட நேராக இறக்கினேன். புகை நின்றது. ரிட்டர்ன், செங்குத்துக்கோட்டிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்பது டர்போ செய்பவர்களே சொல்லும் வரம்பு. வழியில் எங்கும் மேலேறக் கூடாது. சம்ப்பில் சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். உள்விட்டம் 12 மில்லிமீட்டருக்குக் கீழே நான் போகமாட்டேன், 10ஆம் எண் ஹோஸ் என்றால் நிம்மதி. வளைந்த ஃபிட்டிங்குகள் வெளியே தடிமனாக இருந்தாலும் உள்ளே சில சமயம் குறுகலாக இருக்கும், கண்ணை வைத்துப் பார்த்து வாங்கு. குழாயைப் பொருத்தும் தட்டான ஃபிளாஞ்சில் காகித கேஸ்கெட் மட்டும் போடு. சிலிக்கான் பேஸ்ட் பூசினால் பிதுங்கி உள்ளே தொங்கும், நீ வழியைப் பெரிதாக்கிய பலன் அங்கே போய்விடும். உண்மையில் உன் பழைய ரிட்டர்ன் குழாய் எஃகாக இருந்து, நேராக இறங்கினால், அதை விட்டுவிடு என்பேன். புது கேஸ்கெட் போதும்.

கூலன்டுக்கு எதுவும் பெரிதாகச் சொல்வதற்கில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. இஞ்சினை அணைத்ததும் பம்ப் நின்றுவிடுகிறது, ஆனால் டர்போவின் சூடு நடுப்பகுதிக்கு ஊறிக்கொண்டே இருக்கிறது. அப்போது அங்கே தங்கிய ஆயில் கரியாகிப் படியும். அதைத் தடுப்பது பம்ப் இல்லாமல் நடக்கும் ஓட்டம்: சூடான கூலன்ட் தானாக மேலே ஏற, குளிர்ந்தது கீழிருந்து உள்ளே வரும். அதனால் உள்ளே வரும் லைன் தாழ்வாகவும், வெளியே போகும் லைன் உயர்ந்துகொண்டே போகிற மாதிரியும் இருக்க வேண்டும். நடுவில் ஒரு மேடு விழுந்தால் காற்று அங்கே தங்கி ஓட்டத்தை நிறுத்திவிடும். நான் கடைசியில் டர்போவை ஒட்டிய ஒரு லைனுக்கு மட்டும் பின்னல் ஹோஸும் மேலே கண்ணாடி இழை உறையும் போட்டேன். தள்ளி ஓடுவதற்குக் கம்பெனி அச்சில் வார்த்த புது ரப்பரே போட்டேன், வளைவும் தானாகச் சரியாக வந்தது. கூலன்டுக்கு நல்ல இ.பி.டி.எம். ரப்பரை ஆயிலுக்குப் போட்டுவிடாதே, ஊறி உப்பிவிடும். அந்த நீல சிலிக்கான் ஹோஸும் கூலன்டுக்குத்தான், ஆயிலுக்கு ஆகாது.

மறந்துவிட்டேனே, பின்னல் ஓர் அரம். இஞ்சின் ஆட ஆட, தொட்டதையெல்லாம் ராவிவிடும். என் ஹோஸ் பக்கத்து ஒயர் உறையை ஆறு மாதத்தில் செம்பு தெரியும்வரை தேய்த்திருந்தது. அது எஃகு வேறு, மின்சாரமும் பாயும். ஸ்டார்டர் மோட்டார், பேட்டரி ஒயர் பக்கம் அண்டவிடாதே. ரப்பர் வைத்த கிளாம்ப்பால் கட்டு, கேபிள் டை சூட்டில் அறுந்துவிடும்.

எல்லாம் மாட்டியதும் உடனே சாவியைத் திருகிவிடாதே. ஃபீட் துளையில் கொஞ்சம் புது ஆயில் ஊற்றி ஹோஸை இணைத்துக்கொள். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்டரைச் சுற்று. அப்புறம் ஃபியூஸைப் போட்டு, சும்மா ஓடவிட்டு எல்லா மூட்டையும் டார்ச் அடித்துப் பார். கூலன்டில் சிக்கிய காற்றை வெளியேற்று. ஒருமுறை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு மறுபடி பார், நான் கண்ட கசிவெல்லாம் அப்போதுதான் தெரிந்தது.

ஆயில் ஊற்றப் புனல் தேவைப்படும். உன் அம்மா அந்தக் காலத்தில் தேடித் தேடி அலுத்துப்போன சமையலறைப் புனல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாம் இருவரும் பைக்குக்கு ஆயில் ஊற்றிவிட்டு மறைத்து வைத்தோமே, அதேதான். கேட்டால் நான் எடுக்கவில்லை என்றே சொல்.

ஹோஸை வெட்டிப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுது. பழைய ரிட்டர்ன் குழாயைக் கழற்றுவதற்கு முன்பு பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. நான் அதைப் பார்க்கும்வரை ரிட்டர்னுக்கு எதையும் வெட்டாதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி