சூடானால் வேலைநிறுத்தம் செய்யும் காயில்: வாரண்டி மறுக்கப்பட்டது குறித்துப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், திருச்சி.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

என்னுடையது 1997 மாடல் மாருதி 800, கார்பரேட்டர் வண்டி. பிளக்கில் ஸ்பார்க் வர உயர் மின்னழுத்தம் தரும் பழைய இக்னிஷன் காயிலில் எண்ணெய் கசிந்ததால், ஏப்ரல் 6-ஆம் தேதி உங்கள் நிறுவனத்தின் காயிலை 1,150 ரூபாய்க்கு வாங்கி நானே மாட்டினேன். ஆறு மாத வாரண்டி. நாலு வாரம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் வந்தது வினை. சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகும் வழியில் பாடாலூரில் டீ குடிக்க நிறுத்தினோம். இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருகினால், ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஒரே திருகலில் கிளம்பியது. அன்றுமுதல் சூட்டோடு நிறுத்தினால் இதே கதைதான்.

முதலில் உங்கள் காயிலைச் சந்தேகப்படவே இல்லை. வெயிலில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும் என்று பம்பில் ஈரத்துணி சுற்றுவது பழைய வண்டிக்காரர்களின் கைவைத்தியம். நானும் சுற்றினேன், பிரயோஜனமில்லை. அப்புறம் ஒரு உபரி பிளக்கை வயரில் மாட்டி, இன்ஜின் இரும்பில் படவைத்துப் பார்த்தேன். நீலமாகப் பளிச்சென்று வரவேண்டிய ஸ்பார்க், மஞ்சள் இழைபோல் வந்து அதுவும் நின்றுவிட்டது. சாவியை அணைத்துவிட்டு, அதே ஈரத்துணியைக் காயிலின் தகர உடம்பில் சுற்றினேன். ஐந்து நிமிடத்தில் வண்டி பிடித்துக்கொண்டது.

காயிலைக் கழற்றி உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். ஏசி அறையில் மேசைமேல் வைத்து மீட்டரால் அளந்தார்கள். “ரீடிங் சரியா இருக்கு சார். பழைய வண்டி, வயரிங்கைப் பாருங்க” என்று இரண்டே நிமிடத்தில் திருப்பித் தந்துவிட்டார்கள். ஆறிய காயிலில் ரீடிங் சரியாகத்தான் இருக்கும். காய்ச்சல் இறங்கியபின் தெர்மாமீட்டர் வைத்து, காய்ச்சலே வரவில்லை என்று சொன்னால் எப்படி? வண்டி ஓடும்போது காற்றுப் படுகிறது. நிறுத்தியபின்தான் பானெட்டுக்குள் சூடு இன்னும் ஏறுகிறது. நாங்கள் டீ குடிக்கும் நேரத்தில் காயில் வெந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் மகளின் ஹேர் டிரையரை வாங்கி நானே சோதித்தேன். பிளக் பக்கம் மின்சாரம் தரும் செகண்டரி கம்பிச் சுற்றின் மின்தடை, ஆறியிருக்கும்போது 11.4 கிலோ ஓம். சூடேற்ற ஏற்ற மெல்ல ஏறி 13-ஐத் தொட்டது. செம்புக் கம்பிக்கு அது இயல்புதான். எட்டாவது நிமிடம், எண்கள் மறைந்து திரையின் இடது ஓரத்தில் வெறும் ‘1’. உள்ளே கம்பி தொடர்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். ஆறவிட்டேன், மறுபடி 11.4. முழுவதையும் செல்போனில் படம்பிடித்திருக்கிறேன். இப்போது நண்பரின் பழைய காயிலை இரவல் வாங்கி மாட்டியிருக்கிறேன். அதே சாலையில், அதே வெயிலில், இரண்டு முறை போய்வந்தாயிற்று. அதே வயரிங்தான், ஒரு தொந்தரவும் இல்லை.

எனவே காயிலைச் சூடேற்றிச் சோதியுங்கள். நானும் கூட இருக்கிறேன், வேண்டுமானால் ஹேர் டிரையரையும் கொண்டுவருகிறேன். பழுது உறுதியானால் வேறு காயில் வேண்டாம், 1,150 ரூபாயைத் திருப்பித் தந்தால் போதும். 15 நாளில் பதில் இல்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன். பில் நகலும் வீடியோவும் இணைத்துள்ளேன். காயில் என்னிடமே பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்